எண்ணிக்கையா? எண்ணமா?

(தலைப்பு: கூட்டணி ஆட்சிகள் கவிழப் பெரிதும் காரணம் கட்சிகளின் எண்ணிக்கையா? தலைவர்களின் எண்ணமா? இடம்: புதுக்கோட்டை. ‘எண்ணமே’ அணியின் நிறைவுரை.)



கூட்டணியைப் பற்றிப் பேச எங்கள் மாவட்டத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 2008 தொகுதிச் சீரமைப்பிலே ‘புதுக்கோட்டை’ என்ற பெயரிலிருந்த நாடாளுமன்றத் தொகுதியே போய்விட்டது. எங்கள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இப்போது திருச்சி, கரூர், சிவகங்கை, இராமநாதபுரம் என்று நான்கு நாடாளுமன்றத் தொகுதிகளிலே கிடக்கின்றன. நாங்கள் ஓட்டுப் போடுவதே கூட்டணியாகத்தான்! (சிரிப்பு)

எதிரணியிலே பேசிய அம்மா இத்தாலியைக் காட்டினார்கள். 1946-இல் குடியரசான நாடு. அதற்குப் பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட அரசுகளைப் பார்த்துவிட்டது. ‘கட்சிகள் அதிகம், அதனால் கவிழ்ந்தது’ என்றார்கள். அம்மா, நீங்கள் பாதிக் கதையிலே நிறுத்திவிட்டீர்கள். இந்தத் தொல்லை தாங்காமல்தான் 1993-இல் அவர்கள் தேர்தல் சட்டத்தையே மாற்றினார்கள். கவிழ்வது நின்றதா? 1994-இல் பெர்லுஸ்கோனி பதவிக்கு வந்தார். கூட்டாளிக் கட்சி கைவிட்டது; அந்த ஆண்டு முடிவதற்குள் பதவி விலகினார். சட்டத்தை மாற்றினார்கள் சரி, எண்ணத்தை யார் மாற்றுவது?

இன்னொன்று கேளுங்கள். 1998 அக்டோபர். அதே இத்தாலியிலே ரொமானோ புரோடியின் அரசு. வெளியிலிருந்து தாங்கிய கட்சி கையை எடுத்தது. நாடாளுமன்றத்திலே எண்ணிப் பார்த்தால் ஆதரவு 312, எதிர்ப்பு 313. ஒரே ஒரு ஓட்டு! ஆறே மாதம் கழித்து, 1999 ஏப்ரல் 17, நம்ம டெல்லி. வாஜ்பாய் அரசுக்கு ஆதரவு 269, எதிர்ப்பு 270. அங்கேயும் ஒரே ஒரு ஓட்டு! ‘பார்த்தீர்களா, எண்ணிக்கைதானே கவிழ்த்தது?’ என்று எதிரணி துள்ளும். ஐயா, அந்த ஒரு ஓட்டு வானத்திலிருந்தா விழுந்தது? கூட இருந்தவர்கள் விலகியதால்தானே கணக்கே எடுக்க வேண்டி வந்தது? காய்ச்சல் எவ்வளவு என்று காட்டுவது கண்ணாடிக் குழாய். காய்ச்சல் இருப்பது உடம்பிலே! (கைதட்டல்)

சரி, கட்சி ஒன்றானால் ஆட்சி நிற்குமா? 1977-ஐப் பாருங்கள். நான்கு கட்சிகள் தங்களைக் கலைத்துக்கொண்டு ஜனதா என்று ஒரே கட்சியானார்கள். தனிப் பெரும்பான்மை. ஆனால் 1979 ஜூலையிலே மொரார்ஜி தேசாய் பதவி விலகினார். அடுத்து வந்த சரண்சிங், பிரதமராக மக்களவையைச் சந்திக்காமலேயே போனார். ஏன்? அவர்களைச் சேர்த்துவைத்தது நெருக்கடிநிலை மீதிருந்த கோபம். எதிரி தோற்றதும் சேர்ந்திருக்கக் காரணமும் தீர்ந்துபோச்சு.

இது நமக்குப் புதிதா? தலையாலங்கானத்திலே சேர, சோழரும் வேளிர் ஐவரும், ஆக ஏழு பேர், பாண்டியன் நெடுஞ்செழியன் என்ற ஓர் இளைஞனுக்கு எதிராகக் கூட்டணி வைத்தார்கள். தோற்றுப்போனார்கள். ஏழு பேரையும் சேர்த்தது அவர்களுடைய அன்பா? இல்லை, எதிரிதான்!

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். 1998-இலே தேர்தல் முடிந்த பிறகு பொதுத்திட்டம் எழுதினார்கள். பதின்மூன்று மாதத்திலே போச்சு. 1999-இலே தேர்தலுக்கு முன்பே பொதுவான தேர்தல் அறிக்கை வைத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட கட்சிகள். 2004 தேர்தல் வரை ஆட்சி நின்றது. உறுப்பினர் பலமும் கூடியது, மறுக்கவில்லை. ஆனால் கட்சிகள் அதிகமானால் கவிழும் என்றால் அதுதானே முதலில் கவிழ்ந்திருக்க வேண்டும்?

புதுக்கோட்டைக்காரனுக்கு இதைப் புரியவைக்க டெல்லி வேண்டாம், கண்மாய் போதும். ஒரு கண்மாய்த் தண்ணீரை நம்பி நூறு பேர் வயல் வைத்திருக்கிறார்கள். நூறு பேர் இருப்பதாலா கரை உடைகிறது? முதலிலேயே உட்கார்ந்து பேசி முறை வைக்கிறோம். தலைமடை, கடைமடை, அவரவர் முறை வரும்போது தண்ணீர். ராத்திரியோடு ராத்திரியாக மண்வெட்டியோடு போகிறானே ஒருத்தன், அவன் ஒருத்தனால்தான் ஊர்ப் பயிர் காய்கிறது! (பலத்த கைதட்டல்)

ஜெர்மனிக்காரன் அந்த மண்வெட்டிக்குச் சட்டத்திலேயே பூட்டுப் போட்டான். 1949 அரசியல் சட்டத்திலே எழுதிவைத்தான்: பிரதமரை இறக்க வேண்டுமானால், அதே தீர்மானத்திலே அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுத்துக் காட்டு. வீட்டை இடிப்பதற்கு முன்னால் புது வீட்டைக் காட்டு என்கிறான். இந்த வழியிலே அங்கே ஆட்சி மாறியது ஒரே ஒரு முறை, 1982-இல். நம்ம ஊரிலே? 1999-இல் சேர்ந்து கவிழ்த்த 270 பேராலே சேர்ந்து ஓர் அரசு அமைக்க முடியவில்லை. இடிக்க ஒன்று சேர்ந்தவர்கள் கட்ட ஒன்று சேரவில்லை. இது எண்ணிக்கைக் குறையா, எண்ணக் குறையா?

நடுவர் அவர்களே, கடைசியாக ஒன்று. 1999 செப்டம்பர். நான் கல்லூரியிலே புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்திலே தேர்தல் பணி. விரலில் மை வைப்பது என் வேலை. எழுபது வயதிருக்கும், ஓர் ஆத்தா வந்தது. வயலிலிருந்து நேராக வந்திருக்கிறது. கால் முழுக்கச் சேறு. விரலை நீட்டிக்கொண்டே கேட்டது:

“ஏன் தம்பி, போன வருசம் மாசியிலதானே வந்து போட்டேன்? அந்த ஓட்டு என்னாச்சு?”

“ஆட்சி கவுந்துருச்சு ஆத்தா.”

“அதுக்கு முன்னாடி போட்டது?”

“அதுவும் கவுந்துருச்சு.”

ஆத்தா என்னை நிமிர்ந்து பார்த்தது. “நான் சரியாத்தானே தம்பி போட்டேன்?” என்றது.

சிரிப்பு வரவில்லை எனக்கு. தன் குத்துதான் தப்பாகிவிட்டதோ என்று அந்தக் கிழவி பயப்படுகிறது! 1996, 1998, 1999 என்று மூன்றரை ஆண்டுக்குள்ளே மூன்று முறை, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையிலே நின்றது. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. மையை வைத்து அனுப்பிவிட்டேன்.

ஐயா, ‘எண்ணிக்கைதான் காரணம்’ என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னால், ‘ஆமாம் ஆத்தா, ஓட்டைச் சிதறடித்தது நீதான், குற்றம் உன்னுடையது’ என்று சொல்வதாக ஆகிவிடும். அந்தப் பழியை அதன் தலையிலே போட்டுவிடாதீர்கள். அது சரியாகத்தான் போட்டது. வாங்கியவர்கள்தான் சரியாக வைத்துக்கொள்ளவில்லை. எண்ணிக்கை ஆட்சியை அமைத்துக் கொடுக்கும், நடத்துவது எண்ணம்தான்.

இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக நான் அந்த ஆத்தாவுக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். அதை இந்தப் புதுக்கோட்டை மண்ணிலே உங்கள் தீர்ப்பாகச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)