சாந்துக் கோடு

கோச்சிப் பாதையையும் ஸ்ரேசனையும் சின்ன அளவில் மேசைமேல் அமைக்கும் கலையில், பார்ப்பவர் கண்ணில் எளிதில் படாத ஒரு வேலையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். மாதிரிக் கட்டடத்தின் சுவரில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து தெரியும்படி நிறம் கொடுப்பதுதான் அந்த வேலை.

பிரித்தானியாவில் பலரும் கைக்கொள்ளும் அளவு, உண்மை அளவின் 76இல் ஒரு பங்கு. செங்கற்சுவரில் சாந்தின் தடிப்பு 10 மில்லிமீற்றர் என்றால், மாதிரியில் அது 0.13 மில்லிமீற்றர். தடித்த தலைமயிர் ஒன்றைவிடச் சற்றே கூடுதல். அதைத் தூரிகையால் இழுக்கப் போனால் தோல்விதான். அதனால் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் கோட்டை வரைவதில்லை. அது தானாகத் தங்கும்படி விடுகிறார்கள்.

கல்லின் உருப் பதிந்த பிளாஸ்ரிக் சுவருக்கு முதலில் கல்லின் நிறம். அந்தச் சிவப்பு ஒரே சீராக இருக்கக்கூடாது. சூளையில் நெருப்பை அண்டியிருந்த கல் கறுத்திருக்கும், தள்ளியிருந்தது வெளிறியிருக்கும். காய்ந்ததும் மினுக்கமில்லாத வார்னிஷ். பிறகு சாந்தின் நிறத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, ஒரு சொட்டுச் சவர்க்கார நீரும் சேர்த்து, தூரிகை நுனியால் சுவரைத் தொட்டால் போதும். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நிறம் பள்ளம் பள்ளமாக ஓடிப் போகும். கல்லின் முகத்தில் நின்றதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால், பள்ளத்தில் மிஞ்சுவதுதான் சாந்து.

நான் செய்த முதற் சுவருக்குத் தூய வெள்ளையைப் பூசினேன். காயப்போட்ட கட்டம்போட்ட சாரம் மாதிரி வந்தது. அதன் பிறகுதான் பூச்சு உதிர்ந்த பழைய மதில்களை நின்று பார்க்கப் பழகினேன். எங்கும் வெள்ளை இல்லை. இறவாணத்தின் கீழ் பழுத்த ஓலையின் நிறம். தண்ணீர் வழிந்த இடத்தில் பாசிக் கறுப்பு. முழங்கால் உயரம்வரை மாரி மழை தெறித்த செம்மண்.

இங்கிலாந்தில் பெண்டன் அருங்காட்சியகம் என்று ஒன்று உண்டு. அவுஸ்திரேலியாவில் பிறந்து 1925இல் இங்கிலாந்து போன ரோய் இங்கிலண்ட், தன் கண்முன்னே மாறிக்கொண்டிருந்த ஒரு நாட்டுப்புறத்தை மாதிரியாகவாவது காப்பாற்ற வேண்டும் என்று தொடங்கியது அது. அட்டையில் கல் கல்லாகக் கீறி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிறம் தீட்டிய குடிசைகள் அங்கே இருக்கின்றன. இந்தக் கலையில் நான் மிக உயர்வாக மதிப்பது அவற்றைத்தான். பார்ப்பவரை வியக்கவைக்க அல்ல, மறந்துபோகாமல் இருக்கச் செய்யப்பட்டவை அவை.

யாழ்ப்பாணத்தில் நமக்கும் அந்தத் தேவை உண்டு. 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிவரை ஓடிய கோச்சி, 1905இல் கொழும்புப் பாதையோடு இணைந்தது. போரினால் 1990இல் அது நின்றது. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குப் போயின. யாழ்ப்பாணத்துக்கு அது திரும்பி வந்தது 2014 ஒக்ரோபரில். கோச்சிச் சத்தமே கேளாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அந்தப் பழைய ஸ்ரேசன்களை நினைவிலிருந்து கட்டக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

கட்ட விரும்புவோருக்கு ஒன்று சொல்வேன். வெளிநாட்டுப் பெட்டியில் வரும் செங்கற்சுவர் நமக்குப் பெரும்பாலும் பொருந்தாது. நம்முடைய பழஞ்சுவர்களில் நிறைய முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும்தான். வரிசை ஒழுங்காக இராது. சாந்து ஓரிடத்தில் மெலிந்து இன்னோரிடத்தில் விரலளவு தடிக்கும். நிறத்திலும் கவனம் வேண்டும். சுட்ட சுண்ணாம்பின் சாந்து வெண்மஞ்சள். சீமெந்துச் சாந்து சாம்பல். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை வந்ததே 1950இல். ஆகவே 1902ஆம் ஆண்டுச் சுவர் ஒன்றில் சாம்பல் நிறம் தெரிந்தால், அது பெரும்பாலும் பிறகு யாரோ மேசன் திருத்திய இடமாக இருக்கும். அப்படி ஒரு திருத்தத்தை வேண்டுமென்றே ஒரு மூலையில் காட்டுவதும் அழகுதான்.

கடைசி வேலைக்கு நான் கடை நிறம் எதையும் வாங்குவதில்லை. கோண்டாவில் தோட்டத்துச் செம்மண்ணைக் காயவைத்து, மெல்லிய துணியில் அரித்து, மென்தூரிகையால் சுவரின் அடியில் தடவுகிறேன். அந்த மண்ணைத்தான் அங்கே மழை சுவரில் தெறிக்கவைக்கிறது.