ஒன்றிலிருந்து ஓராயிரம்

 

நீர்வேலி என்றதும் வாழைத்தோட்டங்களே நினைவுக்கு வரும். தாய்வாழையின் கிழங்கிலிருந்து குட்டி முளைக்கிறது. விதையில்லை, குட்டி தாயின் மறுபதிப்பே. இவ்வாறே அரும்பிப் பெருகும் விலங்கொன்று கடலில் உண்டென்பதை அறிவீர்களா?

கரையொதுங்கும் சாதாழையையோ சிப்பியோட்டையோ எடுத்துப் பாருங்கள். சில வேளை அதன்மீது வெண்ணிறச் சல்லடைத்துணி போன்ற படலம் ஒட்டியிருக்கும். அழுக்கென்று சுரண்டிவிடுகிறோம். உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குங்கள். ஒவ்வொரு கண்ணறையும் ஓர் உயிரின் வீடு. பிரயோசோவா எனப்படும் பாசி விலங்குகள் இவை. ஒன்றின் நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவே. இவற்றைச் செடிகளென்று அறிஞர்களே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஆகவே பிள்ளைகள் பாசியென்று சொன்னால் கடிந்துகொள்ளாதீர்கள்.

நம் நாட்டிலும் இவை ஆராயப்பட்டுள்ளன. 1902ஆம் ஆண்டு மன்னார் முத்துச்சிப்பிப் படுக்கைகளை ஆராய வந்த பேராசிரியர் ஹேர்ட்மன் இவற்றைச் சேகரித்தார். அவற்றைப் பற்றிய அறிக்கையை 1905இல் எழுதியவர் லோரா தோர்ன்லி என்னும் பெண்மணி. நம் பெண்பிள்ளைகள் இதனைக் கவனிக்க வேண்டும்.

முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிர் பெரும்பாலான இனங்களில் சில மணி நேரமே நீந்தும். பின் தகுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, உருமாறி, முதல் உயிராகிறது. அதன் உடற்சுவர் வெளியே புடைக்கிறது. புடைப்பில் தடுப்புச்சுவர் எழுகிறது. உள்ளே குடலும் உணவு பிடிக்கும் உணர்கொம்புகளும் உருவாகின்றன. இரண்டாவது உயிர் ஆயத்தம். அதிலிருந்து அடுத்தது. விளிம்பு விரிய விரிய, ஒன்று ஆயிரமாகிறது.

ஆனால் வாழைக்குட்டியை நாம் பெயர்த்து வேறிடத்தில் நடுகிறோம். இவையோ பிரிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிச்சுவர் உண்டு. அச்சுவரில் நுண்துளைகளும் உண்டு. துளைகளின் வழியே இழைபோன்ற திசுக்கள் உண்டவரின் உணவை உண்ணாதவருக்குக் கொண்டு செல்கின்றன.

உண்ணாதவர் யாரென்கிறீர்களா? பல இனங்களில் சில உயிர்கள் பறவையின் அலகைப் போல வடிவெடுத்து, கூட்டத்தின்மேல் ஊர்ந்துவரும் சிறு பிராணிகளைக் கவ்விப் பிடிக்கின்றன. அந்த அலகு உண்பதற்கானதன்று. உணர்கொம்புகளும் குடலும் அவற்றிற்கு இல்லை. பக்கத்து வீடுகள் உண்பதிலிருந்தே அக்காவலருக்கு உணவு போகிறது.