மூன்றாவது கையெழுத்து

(கிளியனூரில் நடந்த இளைஞர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



காதல், நட்பு, நல்வாழ்வு பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பேசச் சொன்னார்கள். திண்டிவனத்தில் பாண்டி பஸ் ஏறும்போது ஒரு தோழர் போனில் கேட்டார்: "காதலிச்சாலே வெட்டுறானுங்க. இதுல நட்பைப் பத்திப் பேச என்ன இருக்கு?" பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். நட்புக்கும்தான் கொன்றிருக்கிறார்கள். அதை நாம் சரியாகப் பேசவில்லை.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் நிற்கும் சாமியின் கோயில் அது. அங்கிருந்துதான் அவரைக் கொண்டுபோனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது.

இந்த ஏழெட்டு வருடமும் ஊரெல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அவர்கள் காதலர்களா, வெறும் நண்பர்களா? நம் பக்கத்திலும் பலர் "நண்பர்கள்தாங்க, வேற ஒண்ணும் இல்ல" என்று பதில் சொன்னோம். நானும் சொல்லியிருக்கிறேன். காதல் என்றால் குற்றம், நட்பு என்றால் விடுதலை என்பது போல. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கொன்றவர்களுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவே இல்லை. பேசிக்கொண்டிருந்தார்கள், அது போதும்.

சரி, ஆய்வுகளுக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. 268 ஹார்வர்டு மாணவர்கள். பிறகு பாஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 456 சிறுவர்கள். வாழ்நாள் முழுக்க அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஐம்பது வயதில் யாருக்கு உறவுகள் நிறைவாக இருந்தனவோ, அவர்களே எண்பது வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள். கொலஸ்ட்ரால் அளவை விட இது நன்றாக முன்னறிவித்தது. 2010-ல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியலாளரின் குழு 148 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம். சிகரெட்டை விடுவதற்கு ஒப்பான பலன் என்கிறார்கள்.

ஹார்வர்டு ஆய்வில் ஒரு கேள்வி உண்டு. நடுராத்திரியில் உடம்புக்கு முடியவில்லை, பயமாக இருக்கிறது என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? நல்ல கேள்வி. ஆனால் ஆரம்பத்தில் அந்த ஆய்வில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள். நம் ஊரில் இதைக் கேட்டால் பின்னாலேயே இன்னொன்றும் கேட்க வேண்டும். அவர் உங்கள் தெருவுக்குள் வருவாரா?

இந்தியாவில் பியூ ஆய்வு மையம் கொரோனாவுக்குச் சற்று முன்பு கிட்டத்தட்ட 30,000 பேரிடம் கேட்டது. நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் சொந்த சாதிதான் என்றவர்கள் 24 சதவீதம், பெரும்பாலானோர் சொந்த சாதி என்றவர்கள் 46 சதவீதம். பத்தில் ஏழு பேர். சாதி மறுப்புத் திருமணம் சுமார் 5 சதவீதம் என்கிறது 2011-12 இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு. அந்த ஐந்தை நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். நண்பனே இல்லாத இடத்தில் காதல் எங்கிருந்து வரும்?

இப்போது எனக்குப் பிடித்த ஆய்வு. கிரிக்கெட். பின்வரிசையில் இருப்பவர்கள் போனை வைத்துவிட்டுக் கேட்கலாம்.

மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேச கிராமங்களில் கிரிக்கெட் லீக் நடத்தினார். 1,261 இளைஞர்கள், பல சாதி. யார் யாரோடு ஆடுவது என்பது குலுக்கலில் முடிவானது. ஒரே அணியில் ஆடியவர்களுக்கு மற்ற சாதி நண்பர்கள் கூடினார்கள், சொந்த சாதிக்காரனையே தூக்கிவிடும் பழக்கம் குறைந்தது. ஆனால் எதிரணியில் ஆடி மோதியவர்களுக்குப் பொதுவாக மற்ற சாதியோடு புழக்கமே குறைந்தது. பக்கத்தில் நிற்பதால் மட்டும் ஒன்றும் மாறாது. அம்பேத்கரும் இதை 1936-லேயே எழுதினார். அருகருகே வாழ்வதால் சமூகம் ஆகிவிடாது, ஒரே காரியத்தில் கூட்டாகப் பங்கெடுக்க வேண்டும் என்று. கூப்பிட்டவர்களே ரத்து செய்த உரை அது. நமக்கு இன்றைக்கு இந்த மண்டபமாவது கிடைத்தது.

நம் பக்கத்து டோர்னமென்ட் எப்படி நடக்கிறது? ஊர் டீம், காலனி டீம். ஃபைனலில் இரண்டும் மோதினால் போலீஸ் வேன் வந்து நிற்கிறது. 'லப்பர் பந்து' பார்த்துக் கைதட்டினோம். சரி, உங்கள் டீமில் எத்தனை தெரு இருக்கிறது? ஒரே ஆண்டில் இருபது டோர்னமென்ட் ஆடலாம், அத்தனையும் எதிரணியாகவே ஆடினால் அந்த உ.பி. ஆய்வு சொல்வதுதான் நடக்கும்.

இது விழுப்புரம் மாவட்டம். 1978 ஜூலையில் விழுப்புரம் டவுனில் பன்னிரண்டு தலித்துகளைக் கொன்ற மண். 2012-ல் தருமபுரி நத்தம் காலனி எரிந்த காலத்தில், ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்ற பிரச்சாரத்தைப் பாமக நிறுவனர் ராமதாஸ் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். அவருடைய தைலாபுரமும் இந்தத் திண்டிவனத்துப் பக்கம்தான். 'நாடகக் காதல்' என்ற சொல் காதலை மட்டும் தாக்கவில்லை. சேரிப் பையன் சிரித்துப் பேசினாலே சந்தேகம் என்று ஆக்கியது. என் வயதுக்காரர்கள் பலர் அதற்குப் பிறகு கூடப் படிக்கும் பெண்களிடம் நோட்டுக் கேட்பதைக்கூட நிறுத்தினார்கள்.

இதற்கு எதிராக நம் கையில் ஒரு சட்டச் சொல் இருக்கிறது. 1967-ல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்க இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி ஐயர் வேண்டாம், தீ வேண்டாம். யார் முன்னிலையில் நடக்க வேண்டும் என்ற இடத்தில் உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிறர் என்று இருக்கிறது. உறவுக்காரனுக்குப் பக்கத்திலேயே நண்பனை உட்கார வைத்த சட்டம். பெரியார் தோழர்களின் பல்லாண்டுப் போராட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒற்றைச் சொல் அந்த 'நண்பர்கள்'தான்.

சிறப்புத் திருமணச் சட்டம் இன்னும் கறார். முப்பது நாள் நோட்டீஸ், மூன்று சாட்சி. அந்தச் சாட்சி பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

எனக்கு ஒரு சிநேகிதன். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரே வகுப்பு, ஒரே பஸ் படிக்கட்டு. ஊர்க்காரன். அவன் வீட்டில் நான் திண்ணை வரைதான். எவர்சில்வர் சொம்பு உள்ளே இருக்கும், எனக்குப் பேப்பர் கப்பில் தண்ணீர் வரும். அவன் அதைப் பார்ப்பான், பார்க்காத மாதிரி இருப்பான். நானும் அப்படியே குடித்துவிட்டு வருவேன். இருபது வருடமாகப் பிறந்தநாளுக்குத் தவறாமல் போன் செய்கிறான். இது நட்பா என்று ஆய்வாளர் கேட்டால் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பேன் என்று எனக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருப் பையன் ஒருவன். கிறிஸ்தவன். பெண் இந்து, ஊர்ப் பக்கம். நோட்டீஸ் ஒட்டிய முப்பது நாளும் இருவரும் வெவ்வேறு ஊரில் தலைமறைவாக இருந்தார்கள். பதிவு நாள் காலை சாட்சிக்கு நானும் இன்னொரு தோழியும் வந்துவிட்டோம். மூன்றாவது ஆள் போன் சுவிட்ச் ஆஃப். மணி பதினொன்றரை. அந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைக் கூப்பிடுவது? என் போனில் எனக்குத் தெரிந்து, ஒரு மணி நேரத்தில் வரக்கூடிய தூரத்தில் இருந்தது அவன் பேர்தான்.

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "என் பேரு, அட்ரஸ் எல்லாம் எழுதுவாங்களாடா?" என்றான். எழுதுவார்கள் என்றேன். ஆதார் கார்டும் கேட்பார்கள் என்றேன். கட் பண்ணிவிட்டான்.

பன்னிரண்டரைக்கு வண்டி சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். அப்பா பேர், தெரு, ஊர், கதவு எண், எல்லாம் எழுதினான். பெண்ணைப் பார்த்து, "நல்லா இரும்மா" என்றான். போட்டோவுக்குக் கூப்பிட்டோம். வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான்.

அந்தப் போட்டோ அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் அவன் இல்லை. பதிவேட்டில் இருக்கிறான்.