மனவடுச் சிகிச்சையில் யோகம்: மாநாட்டுத் தலைமை உரை



வயதிலும் அனுபவத்திலும் என்னினும் மூத்தவர் பலர் எதிரே வீற்றிருக்க, அவர்களுக்குத் தலைமை தாங்கும் இடத்தில் என்னை இருத்திய உங்கள் அன்புக்கு நன்றி கூறும்போதே, அந்த அன்பு சற்று அவசரப்பட்டுவிட்டதோ என்ற ஐயமும் எனக்கு எழாமல் இல்லை. துறையின் வளர்ச்சியை நடுநிலையோடு எடுத்துரைத்து அமர்வதே தலைவரின் தர்மம் என்பது சம்பிரதாயம். நடுநிலை எனக்குக் கைவந்த கலை அன்று என்பதை என்னோடு வழக்காடிய நண்பர்கள் அறிவார்கள். அவர்களுள் சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

மனவடு உணர்ந்த யோகத்தை மனநலச் சிகிச்சையோடு இணைப்பது இம்மாநாட்டின் பொருள். அதன் அடிப்படைகளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில், போஸ்டனை அடுத்த புரூக்லைனில், யோகாசிரியர் டேவிட் எமர்சனும் மனநல மருத்துவர் பெஸ்ஸல் வான் டெர் கோல்க்கும் சேர்ந்து வகுத்த அம்முறையில், ஆசிரியர் மாணவரைத் தொட்டுத் திருத்துவதில்லை. கட்டும் பட்டைகளை, கட்டுண்டு கிடந்தவருக்கு அவை எதை நினைவூட்டும் என்பதறிந்து, உபயோகிப்பதில்லை. எந்த அசைவையும் செய்யவும், மாற்றவும், விடவும் மாணவருக்கே உரிமை உண்டு. 2014இல் வெளியான சோதனையில், வேறு சிகிச்சைகளால் குணம் காணாத 64 பெண்கள் பங்கேற்றனர். வாரம் ஒரு மணி நேரமாக 10 வாரம் யோகம் பயின்றவர்களில் 52 சதவீதத்தினர், பெண்கள் உடல்நலக் கல்வி பெற்றவர்களில் 21 சதவீதத்தினர், முடிவில் மனவடுவை அடுத்து வரும் நோயின் வரையறைக்குள் அடங்காதவராயினர். 2023இல், ராணுவப் பணியில் பாலியல் கொடுமைக்குள்ளான அமெரிக்கப் பெண்களிடம் செய்த மற்றொரு சோதனையில், பெயர்பெற்ற பேச்சுச் சிகிச்சை ஒன்றுக்கு இது குறைந்ததன்று என்றும், இடையில் நின்றுவிடாமல் முடித்தவர்கள் யோகப் பிரிவிலேயே அதிகம் என்றும் கண்டனர். இவை பற்றி இரண்டு நாளும் பேசப் போகிறீர்கள். ஆகவே, எவரும் பேசப்போவதில்லை என்று நான் அஞ்சும் ஒன்றுக்கு என் நேரத்தைச் செலவிட அனுமதி வேண்டுகிறேன்.

பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் மனநல மருத்துவராக விளங்கிய என்.எஸ்.வாஹியா, வினேகர், தூங்காஜி ஆகியோருடன் சேர்ந்து, 1966இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வினேகர் வேறு யாருமல்லர். லோனாவ்லாவில் 1924இல் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தரோடு சேர்ந்து யோக சிகிச்சை குறித்த நூலை 1963இல் எழுதியவரே. பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம் ஆகிய ஐந்தை மட்டும் எடுத்து, புறநோயாளிகளுக்குச் சிகிச்சையாகத் தந்தவர்கள் இவர்கள். அதைவிட முக்கியமாக, எழுபதுகளின் தொடக்கத்தில், வெளித்தோற்றத்தில் ஆசனத்தையும் பிராணாயாமத்தையும் ஒத்த போலிப் பயிற்சியை ஒரு பிரிவினருக்கும், உள்முகமாய்ச் செல்லும் படிகளோடு கூடிய முழுப் பயிற்சியை மற்றொரு பிரிவினருக்கும் தந்து ஒப்பிட்டு, முழுப் பயிற்சியே பதற்றத்தை அதிகம் தணித்தது என்று அறிவித்தார்கள். யோகத்தில் குணம் செய்வது எது, உடலின் வளைவா, கவனத்தின் திரும்புதலா என்ற கேள்வியை, போஸ்டன் முறை பிறப்பதற்கு முப்பது ஆண்டு முன்னரே, குறை நிறைகளோடு, சோதனையால் கேட்டவர்கள் அவர்கள்.

இவர்களை நாம் ஏன் படிப்பதில்லை? காரணம் எளிது. மனவடுவை அடுத்து வரும் அந்நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் இடம் தந்தது 1980இல்தான். வாஹியாவின் நோயாளிகள் அதற்கு முந்தைய வகைப்பாட்டில் நியூரோசிஸ் நோயாளிகளாகவும், மனக்காரணத்தால் உடல்நோய் கொண்டவர்களாகவும் பதிவாகியிருக்கிறார்கள். நோயின் பெயரைக் கொண்டு தேடுகிறவருக்கு அவர்கள் அகப்படமாட்டார்கள். அவர்களுள் எத்தனை பேர் பிரிவினையின்போது வீடிழந்தவர்கள், அடிபட்ட மனைவியர் என்பதை யாரும் அப்போது கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

இந்த இடத்தில் இரு நண்பர்களுக்கு நான் மறுமொழி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். எட்டு அங்கமும் இல்லாதது யோகமே அன்று, மேலை நாட்டார் அதன் கைகால்களை வெட்டிவிட்டார்கள் என்று முந்தைய கூட்டமொன்றில் கண்டித்தவர் ஒருவர். அவர் கண்டனத்துக்கு முதலில் ஆளாக வேண்டியவர்கள் பம்பாய்க்காரர்களே என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன். புரூக்லைனுக்கு முன் இத்துறையில் நம்பிக்கை மட்டுமே இருந்தது, விஞ்ஞானம் இல்லை என்று எழுதியவர் மற்றவர். அவர் கட்டுரையின் அடிக்குறிப்புகள் மிக நீளமானவை, ஆயினும் வாஹியாவின் பெயர் அவற்றுள் இடம்பெறும் அளவுக்கு நீளவில்லை. மனவடு பற்றிய சகலமும் திருமந்திரத்தில் அடங்கியிருக்கிறது என்பவரோடு எனக்கு வழக்கில்லை. எந்தப் பாடலில் என்று அவர் இதுவரை காட்டாததால் வழக்காட இடமும் இல்லை.

ஆனால் வாஹியாவை நான் தூக்கிப் பிடிப்பது, அவர் சொன்னதை அப்படியே பின்பற்றுவதற்காக என்று எண்ணிவிடாதீர்கள். கண்மூடி உள்ளே திரும்பு என்பது பதற்றக்காரனுக்கு மருந்தாகலாம்; உள்ளேதான் கொடுமை குடியிருக்கிறது என்றால், திரும்பும் வழியில் அவனைத் துணையின்றித் தள்ளுவது என்ன சிகிச்சை? ஊர் பேர் வேண்டாம், ஒரு வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சவாசனத்துக்காக விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, ஆசிரியர் பாய்களுக்கிடையே வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். சுவரோரம் படுத்திருந்த பெண்ணொருத்தி கண்ணை மூடவில்லை. முழங்காலை மடித்து, தலையைச் சற்றே திருப்பி, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர், நல்ல மனிதர்தான், குனிந்து அவள் முழங்காலை அழுத்தி நேராக்கினார். அவள் எதிர்க்கவில்லை, நேராகக் கிடந்தாள், மூச்சு மட்டும் மார்பின் மேற்பகுதியில் சிறிதாக அடித்துக்கொண்டிருந்தது. மனத்தின் சிதறலுக்குத் துணையாக உடல் நடுக்கமும் மூச்சின் தாறுமாறும் வரும் என்று யோக சூத்திரத்தின் முதற்பாதத்திலேயே படித்த நாம், அதைக் கண்ணெதிரே கண்டும் முழங்கால் நேராயிற்றா என்றே பார்க்கிறோம்.

ஆகவே, வாஹியாவின் கேள்வியையும் எமர்சனின் எச்சரிக்கையையும் ஒருங்கே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. கவனம் உள்ளே திரும்ப வேண்டும். எவ்வளவு தூரம், எப்போது, கண் திறந்தா மூடியா என்பதை நோயாளி தீர்மானிக்க வேண்டும். இதுவும் புதிதன்று. போர்க்கால யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, ஜபம், சாந்தி ஆசனம் முதலியவற்றைச் சிகிச்சையில் சேர்த்தபோது, அவரவர் சமயத்துக்கும் பழக்கத்துக்கும் இசைந்ததையே தேர்ந்து தந்தார். இந்துவுக்கு மந்திரம் என்றால் கிறிஸ்தவருக்கு ஜெபமாலை, பௌத்தருக்கு ஆனாபானசதி. 1998இல் வெளியான அவருடைய நூலைப் போர் பற்றிய ஆவணமாக மதிக்கும் நாம், சிகிச்சை பற்றிய ஆதாரமாக எடுப்பதில்லை.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்து முகாம்களில் 183 பேரிடம் நடந்த ஆய்வையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். யோக மூச்சுப் பயிற்சி பெற்றவர்கள், பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களைவிட ஆறு வாரத்தில் மிகத் தேறினார்கள். அதோடு துயர நிகழ்ச்சியைத் திரும்பச் சொல்ல வைக்கும் சிகிச்சையையும் சேர்த்ததால் தனிப் பயன் தெரியவில்லை. ஆட்களை ஆள் ஆளாகப் பிரிக்காமல் முகாம் முகாமாகப் பிரித்ததால் இம்முடிவின் மீது முழுப் பாரத்தையும் ஏற்றக் கூடாது. எனினும் சொல்லாமல் குணமில்லை என்று சாதிப்போர் இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாளை மாலை உங்கள்முன் வரவிருக்கும் தீர்மானத்தின் வரைவை நேற்றே எனக்குக் காட்டினார்கள். மனநல விடுதிகள் அனைத்துக்கும் ஒரே பாடத்திட்டம், குறித்த வரிசையில் குறித்த ஆசனங்கள், ஈற்றில் அனைவருக்கும் சவாசனம் என்கிறது அது. இந்தச் சென்னையில் யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் தம் பிற்காலமெல்லாம் ஆளுக்கேற்ற யோகம் என்றே போதித்தார். அவர் பெயரால் 1976இல் அவர் மகன் தேசிகாச்சார் நிறுவிய யோக மந்திரம் என்ற நிறுவனமும் அவ்வழியிலேயே நடந்தது. அப்படிப்பட்ட ஊரில் கூடி இதை நிறைவேற்றுவது எனக்கு விளங்கவில்லை. எண்ணிக் கணக்கெடுக்க ஒரே முறை வசதியானது என்பதை ஒப்புகிறேன். அவ்வசதி ஆய்வாளனுக்கு, கதவைப் பார்த்துக் கிடப்பவளுக்கு அன்று. பாடத்திட்டத்துக்குப் பதிலாக, எந்த அசைவை எத்தனை பேர் வேண்டாமென்று விட்டார்கள், யார் நடுவில் எழுந்து போனார்கள், மறுவாரம் திரும்பி வந்தார்களா என்பதை ஒவ்வொரு விடுதியும் பதிந்து, யோகாசிரியரும் சிகிச்சையாளரும் வாரம் ஒருமுறை சேர்ந்து படிக்க வேண்டும் என்று ஒரு திருத்தத்தை என் பெயரில் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். தலைவர் திருத்தம் கொண்டுவரலாமா என்று அவர் விதிகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். கூடாதென்றால், நாளை மாலை வேறொருவர் இந்த நாற்காலியில் அமரட்டும். நான் கீழே வந்து பேசுகிறேன்.