காளான் கொட்டிலில் ஈரமும் காற்றும்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வாழ்வாதாரப் பயிற்சி நாளில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



காலையிலிருந்து பொதி நிரப்புவது, அவிப்பது, வித்து இடுவது எல்லாவற்றையும் பயிற்சியாளர்கள் செய்து காட்டினார்கள். உங்களில் பலர் வெள்ளை இழை ஓடி முடிந்த பொதிகளை இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள். நான் பேசப்போவது அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி. பொதியைக் கொட்டிலில் வைத்து வெட்டித் திறந்த நாளிலிருந்து காளான் பறிக்கும் நாள்வரை, அந்தக் கொட்டிலுக்குள் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும், எவ்வளவு காற்று வர வேண்டும் என்பதுதான் விடயம்.

இதற்கு ஏன் தனியாக ஒரு பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். காளான் செய்கையை இடையில் விட்ட வீடுகளுக்கு நாங்கள் போனால், "வித்து கூடாது, பொதி பழுது" என்றுதான் சொல்வார்கள். வேலியோரம் எறிந்த பொதியை எடுத்துப் பார்த்தால், அது வெள்ளை பிடித்து இறுகி நன்றாகவே இருக்கும். மாரி வந்ததும் அதே பொதியில் தானாகக் காளான் பூத்ததையும் கண்டவர்கள் இருக்கிறார்கள். பொதி நல்லது, கொட்டிலின் காற்றுத்தான் சரியில்லை. திரும்பி வந்து ஒவ்வொரு சதமாகச் சேர்க்கிற நேரத்தில், நல்ல பொதியை எறிவது கையில் இருந்த காசை எறிவது போலத்தான். அது நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

காளான் இரண்டையும் ஏன் கேட்கிறது?

சிப்பிக் காளானின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கத்தரிக்காய்க்கு இருப்பதுபோல அந்தத் தண்ணீரைக் காக்கத் தடித்த தோல் அதற்கு இல்லை. சுற்றியுள்ள காற்று காய்ந்திருந்தால் காளானில் உள்ள தண்ணீரை அது இழுத்துவிடும். அதனால் காளான் பூக்கும் காலத்தில் கொட்டிலுக்குள் ஈரப்பதன் 80 முதல் 90 சதவீதம் வரை இருக்க வேண்டும்.

அதேநேரம் காளானும் எங்களைப்போல மூச்சு விடுகிறது. ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை வெளியே விடுகிறது. காட்டில் இந்தக் காளான் பட்டமரத்துக்குள் இழையாக வாழும். மரத்துக்குள் காற்றோட்டம் குறைவு. அதை இழை தாங்கும். பூக்கும்போது மட்டும் மரத்துக்கு வெளியே வந்து குடையை விரிக்கும். சுற்றிலும் காபனீரொட்சைட்டு கூடியிருந்தால் தான் இன்னும் வெளியே வரவில்லை என்பதுபோல நடந்துகொள்ளும். குடையை விரிக்காமல் தண்டை மட்டும் நீட்டிக்கொண்டே போகும்.

ஆகவே இழை ஓடும் மூன்று நான்கு வாரமும் பொதியை மூடி, இருட்டான இடத்தில் வைத்தால் போதும். தண்ணீர் தெளிக்கவும் தேவையில்லை. பொதியை வெட்டித் திறந்த பிறகு ஈரம், புதுக்காற்று, புத்தகம் வாசிக்கக்கூடிய அளவு வெளிச்சம் மூன்றும் வேண்டும். நேரடி வெயில் கூடாது.

எங்கே சிக்கல்?

கதவைத் திறந்தால் ஈரம் போகிறது. மூடினால் காற்றுக் கெடுகிறது. இதனால் பலர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஈரத்தைக் காப்பாற்றச் சுற்றிவரத் தறப்பாளால் மூடிக் கட்டுவார்கள். வெயில் ஏறியதும் உள்ளே அவியும், காற்றும் நிற்கும். வேறு சிலர் காற்று வேண்டும் என்று நாள் முழுதும் யன்னலைத் திறந்துவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் அடிப்பார்கள். பொதி நனையும், காற்று காய்ந்தே இருக்கும்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்கிறேன். காலையில் வெப்பநிலை 24 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று, அதில் உள்ள அதே நீராவியுடன், மத்தியானம் 33 பாகைக்குச் சூடானால் ஈரப்பதன் ஏறக்குறைய 53 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நீராவி எங்கேயும் போகவில்லை. சூடான காற்றுக்குத் தாகம் கூடிவிட்டது, அவ்வளவுதான். இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, கொட்டிலைக் குளிர்ச்சியாக வைத்தால் பாதி ஈரம் தானாகவே நிற்கும். மற்றது, காற்று மாற்றுகிற வேலையை விடியவும் பொழுதுபடவும் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும், கதவைத் திறந்தாலும் நட்டம் குறைவு. மத்தியானம் வெளியே இருப்பது காய்ந்த காற்று. அதைக் கொஞ்சமாக, நனைந்த சாக்கின் ஊடாகத்தான் உள்ளே விட வேண்டும்.

கொட்டிலை எப்படி அமைப்பது?

பெரிய மரத்து நிழலில் கிடுகு அல்லது பனையோலை வேய்ந்த கொட்டில் நல்லது. தகரக் கூரைதான் இருக்கிறது என்றால் அதன்மேல் ஓலையைப் பரப்பிக் கட்டுங்கள், உள்ளேயும் ஒரு தட்டி அடியுங்கள். தறப்பாளை வீணாக்க வேண்டாம். மழை அடிக்கும் பக்கத்துக்கு மட்டும், வெளிப்புறமாகக் கட்டுங்கள்.

கீழே நிலத்தோடு ஒட்டி ஒரு பக்கம் இரண்டு திறப்பு, எதிர்ப்பக்கம் கூரையோரம் இரண்டு திறப்பு விடுங்கள். கீழால் வரும் குளிர்ந்த காற்று மேலால் வெளியேறும். திறப்புகளுக்குப் பழைய நுளம்பு வலையை அடித்தால் ஈ வராது. மருந்தூட்டிய புதிய வலை பிள்ளைகள் படுப்பதற்கு. அதை வெட்ட வேண்டாம். கீழ்த் திறப்புக்கு முன்னால் சணல் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டு நனைத்து வையுங்கள். நிலத்தில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மணல் பரப்புங்கள். காற்றுக்கு ஈரம் கொடுப்பது இந்த மணலும் சாக்கும்தான்.

பொதிகளை நெருக்கி அடுக்காதீர்கள். இரண்டு பொதிக்கு இடையில் ஒரு கை போய்வர இடம் இருக்கட்டும். கொட்டில் முழுவதும் காற்று நன்றாக இருந்தாலும் நெருக்கிய பொதிகளுக்கு நடுவே அது கெட்டுத்தான் இருக்கும்.

ஒரு நாள் வேலை

விடியற்காலை முதலில் கதவையும் எல்லாத் திறப்பையும் அரை மணித்தியாலம் திறந்து விடுங்கள். காளான் பறிக்க இருந்தால் தண்ணீர் தெளிக்க முன்னர் பறியுங்கள். நனைந்த காளான் சந்தைக்குப் போகமுதல் பழுதாகும். பிறகு நிலம், சுவர், சாக்கு ஆகியவற்றை நனையுங்கள். பொதியின்மேல் பனி விழுவதுபோல மெல்லிய தூறல் போதும். துளி திரண்டு வழிந்தால் அது கூடுதல்.

பத்து மணியளவில் காற்றடிக்கும் பக்கத்துத் திறப்பை மூடி மற்றதைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மத்தியானமும் மூன்று மணிக்கும் மணலையும் சாக்கையும் நனையுங்கள். பொழுதுபடத் திரும்பவும் அரை மணித்தியாலம் திறவுங்கள். இரவில் மேல் திறப்பு திறந்தே இருக்கலாம். படுக்கப்போகும்போது பொதிமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். விடியும்வரை காயாமல் நிற்கும்.

குடிக்கக்கூடிய தண்ணீரையே தெளியுங்கள், உவர்த் தண்ணீர் வேண்டாம். வயலுக்கு மருந்தடித்த தெளிகருவியை எவ்வளவு கழுவினாலும் காளானுக்குப் பாவிக்காதீர்கள். காளானை நீங்களும் பிள்ளைகளும் சாப்பிடப் போகிறீர்கள்.

காலத்துக்கு ஏற்ப மாற வேண்டும். சோழகம் அடிக்கும் மாதங்களில் எதிரி வறட்சி. காற்றுப் பக்கத்தை மறையுங்கள், சாக்கைக் கூட்டுங்கள். மாரியில் எதிரி நின்ற காற்று. மூன்று நாள் தொடர்ந்து மழை என்றால் தெளிப்பதை அநேகமாக நிறுத்தி, திறப்புகளைத் திறந்து வையுங்கள். முதன்முதலாகத் தொடங்குபவர்கள் தை, மாசியில் தொடங்கினால் குளிர்ச்சி உதவும். கிணறு வற்றும் ஆவணியில் தொடங்க வேண்டாம். குடிக்கிற தண்ணீருக்குத்தான் முதலிடம்.

காளான் சொல்லும் அடையாளங்கள்

தண்டு நீண்டு, குடை பொத்தான்போலச் சிறிதாக இருந்தால், அல்லது தண்டின் அடியில் பஞ்சுபோல வெள்ளை படர்ந்தால், காற்றுப் போதாது. திறக்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

குடையின் ஓரம் சுருண்டு, வெடித்து, மஞ்சளாகக் காய்ந்தால் ஈரம் போதாது. வந்த மொட்டு வளராமல் கருகினாலும் அநேகமாக அதேதான். ஒரு பக்கத்துப் பொதிகளில் மட்டும் இப்படி இருந்தால், அந்தப் பக்கத்தில் காற்று நேரடியாக அடிக்கிறது என்று அர்த்தம்.

குடையில் மஞ்சள் அல்லது கபிலப் புள்ளி விழுந்து, பிசுபிசுத்து, கெட்ட மணம் வந்தால் காளானின்மேல் தண்ணீர் தங்கி நிற்கிறது. தெளிப்பதைக் குறைத்துக் காற்றைக் கூட்டுங்கள். தெளித்து ஒரு மணித்தியாலத்துக்குள் குடையின் மேற்பரப்பு காய வேண்டும்.

பொதியில் பச்சைப் பூஞ்சணம் கண்டால் அந்தப் பொதியை உடனே வெளியே எடுத்துத் தூரத்தில் புதையுங்கள்.

ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாறிய வடிவில் வந்த காளான் திருந்தாது. அடுத்து வரும் மொட்டுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்யலாம். அதுவரை பொதியை எறியாதீர்கள். தண்டு நீண்ட காளான் விலைப்படாது, ஆனால் புதிதாக இருந்தால் வீட்டுக் கறிக்கு ஆகும்.

ஈரத்தை அளக்க ஒரு மலிவான வழி

அறை வெப்பநிலை பார்க்கும் சாதாரண வெப்பமானி இரண்டு எடுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது. ஒன்றின் குமிழில் பருத்தித் துணி சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விடுங்கள். இரண்டையும் பக்கத்தில் தொங்கவிட்டு, சில நிமிடம் மட்டையால் விசிறிவிட்டு வாசியுங்கள். நனைந்தது குறைவாகக் காட்டும். 28 பாகை அளவிலான கொட்டிலில் வித்தியாசம் 2 பாகை என்றால் ஈரப்பதன் ஏறக்குறைய 85 சதவீதம், நல்லது. 1 பாகை என்றால் 90ஐத் தாண்டிவிட்டது, காற்று விடுங்கள். 4 பாகை என்றால் 72 அளவுக்கு இறங்கிவிட்டது, மணலை நனையுங்கள். நான்கைந்து குடும்பம் சேர்ந்து ஒரு சோடி வாங்கினாலும் மாறி மாறிப் பாவிக்கலாம்.

உங்கள் நெஞ்சையும் பாருங்கள்

கடைசியாக முக்கியமான ஒன்று. முற்றிய சிப்பிக் காளான் கண்ணுக்குத் தெரியாத வித்தித்தூளை ஏராளமாகக் கொட்டும். அதை நெடுக மூச்சில் எடுத்தால் இருமலும் காய்ச்சலும் நெஞ்சிறுக்கமும் வரலாம். வீடு சின்னது, கொட்டில் இல்லை என்பதற்காகப் படுக்கிற அறையில் பொதி வைக்காதீர்கள். குடை தட்டையாக விரிந்து ஓரம் மேலே திரும்ப முன்னரே பறியுங்கள். நிறையும் சுவையும் கூட அப்போதுதான் நல்லது. உள்ளே போக முன் கதவைச் சற்றுத் திறந்து விடுங்கள், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். தொய்வு, இழுப்பு உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் கொட்டிலுக்குள் வேலை செய்ய வேண்டாம்.

முதலில் 20, 25 பொதிகளுடன் தொடங்குங்கள். கடன்பட்டு நூற்றுக்கணக்கில் வாங்க அவசரம் வேண்டாம். உங்கள் கொட்டில் எந்த நேரத்தில் காய்கிறது, எந்த மூலையில் காற்று நிற்கிறது என்பது ஒரு சுற்றிலேயே உங்களுக்குப் பிடிபட்டுவிடும். நான் கலைப் பட்டதாரி. பொதிக்குள் நடக்கும் நோய்களை விவசாயப் போதனாசிரியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் கமநல சேவை நிலையத்தில் அவரைச் சந்திக்கலாம். போகும்போது காளானைப் பறிக்காமல் பொதியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இப்போது வெளியே மாமர நிழலில் மாதிரிக் கொட்டில் இருக்கிறது. எல்லோரும் ஒருமுறை உள்ளே போய், இரண்டு வெப்பமானியையும் வாசித்துவிட்டு வாருங்கள். பிறகு கேள்விகளைப் பேசுவோம்.