முடி எடுத்துக் கொடுத்த கை

(இராமநவமி விழாவில் திருக்கோயில் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மெய்யன்பர்களே, தாய்மார்களே, இவ்விழாவின் நிறைவு நாளில் இராமபட்டாபிடேக நாடகம் நடிக்கவிருக்கும் குழந்தைச் செல்வங்களே!

இன்று மாலை கோபுர வாயிலில் ஒரு தாயார் என்னை நிறுத்தினார்கள். "ஐயா, என் மகனுக்கு இராமர் வேடம் கொடுத்திருக்கிறார்கள். கிரீடத்துக்கு வாடகை கேட்கிறார்கள். எங்களால் இயலாது. வேடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல எண்ணிய விடையையே இன்றைய சொற்பொழிவாக இங்கே வைக்கிறேன்.

முடி என்னும் தமிழ்ச்சொல் தலையில் வளரும் கூந்தலுக்கும் பெயர். தலைமேல் சூடும் மகுடத்துக்கும் பெயர். நம் சிற்ப நூல்கள் இறைவன் திருமுடியைப் பல வகையாகப் பகுத்துள்ளன. திருமாலுக்கு உரியது கிரீட மகுடம். அது நீண்டு உயர்ந்து நிற்கும். அம்பிகைக்கும் முருகப்பெருமானுக்கும் பெரும்பாலும் கரண்ட மகுடம். பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கினாற்போல் மேலே செல்லச் செல்லச் சிறுத்து வரும். சிவபெருமானுக்குச் சடாமகுடம், சடையையே முடியாகக் கட்டிய கோலம் அது. அதற்குப் பொன்னும் வேண்டாம், மணியும் வேண்டாம். பெருமானே விலையில்லா முடி சூடியிருக்க, வாடகை முடி இல்லையே என்று நாம் ஏன் வருந்த வேண்டும்?

வடதமிழகத் தெருக்கூத்தையும் எண்ணிப் பாருங்கள். விடிய விடியத் துரியோதனனாகவும் அருச்சுனனாகவும் ஆடுகின்ற கலைஞர்கள் சூடும் முடி, கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டிய முடிதான். ஆனால் அதைச் சூடி அவர்கள் களரியில் இறங்கும்போது ஊரே எழுந்து அரசனைப் பார்க்கிறது.

நிற்க. இதை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. என் பிழை ஒன்றிலிருந்தும் கற்றேன். அதை இச்சபையில் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

1984ஆம் ஆண்டு. ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். ஆண்டு விழாவுக்கு இதே பட்டாபிடேக நாடகம். என் வகுப்பில் ஒரு மாணவன் இராமன் வசனம் முழுவதையும் பிசிறின்றி ஒப்புவிப்பான். அவனைத்தான் முதலில் தேர்ந்தேன். பிறகு கிரீட வாடகை பற்றிய பேச்சு வந்தது. அவன் தாயார் கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக் கொடுத்துப் பிழைப்பவர். வாடகை கொடுக்க வசதியுள்ள வேறொரு மாணவனுக்கு அந்த வேடத்தை மாற்றிக் கொடுத்தேன். இவனுக்குப் பரதன் வேடம் தந்தேன். "ஐயா, கிரீடம் நாங்களே வீட்டில் செய்து கொண்டு வருகிறோம்" என்றான். "காகிதக் கிரீடம் மேடைக்கு ஆகாது தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

விழா நாள் வந்தது. வாடகைக் கிரீடமும் வந்தது. அது நாடகக் குழுவினர் பெரியவர்களுக்கென்று செய்து வைத்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்ததும் மூக்கு வரை இறங்கிவிட்டது. உள்ளே துண்டைச் சுருட்டி வைத்துப் பார்த்தோம்; ஒருபுறம் சாய்ந்தது. திரைக்கு வெளியே கூட்டம் காத்திருக்கிறது. இராமனாக நின்ற பிள்ளையின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்போது பரதன் தன் துணிப்பையைத் திறந்தான். அவன் தாயார் செய்த கிரீடம் உள்ளே இருந்தது. நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவன் ஆசையால் எடுத்து வந்திருந்தான். ஒரு சொல்லும் பேசாமல் அதைத் தன் தோழன் தலையில் வைத்து, பின்புறம் நாடாவைக் கட்டிவிட்டான். பிறகு குடையை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றான்.

தாய் கேட்டு வாங்கிய முடியை வேண்டாமென்று மறுத்து, அண்ணனின் பாதுகையைத் தலைமேல் தாங்கிச் சென்றவன் பரதன் என்று பத்தாண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்தியவன் நான். பரதனை நேரில் கண்டது அன்றுதான்.

மறுநாள் அவன் வீட்டுக்குச் சென்றேன். "அம்மா, நான் தவறு செய்துவிட்டேன். இந்தக் கிரீடம் செய்யும் முறையை எனக்குச் சொல்லித் தர வேண்டும்" என்று கேட்டேன். அந்த அம்மையார், "இதில் என்ன இருக்கிறது வாத்தியார் ஐயா!" என்று சிரித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்து காட்டினார்கள். அன்று கற்றதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்; கவனமாகக் கேளுங்கள்.

முதலில் குழந்தையின் தலையை அளக்க வேண்டும். புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே நூலைச் சுற்றினால் அளவு தெரியும். ஐந்து முதல் பத்து வயதுக்குள் பெரும்பாலும் 20 முதல் 21 அங்குலம் இருக்கும். ஒட்டுவதற்கு 2 அங்குலம் கூட்டி, புடவைப் பெட்டி அட்டையில் 2 அங்குல அகலப் பட்டை ஒன்று வெட்டி, விரல் நுழையும் தளர்வோடு வளையமாக ஒட்டுங்கள். பிறகு ஓர் அங்குல அகலம், 8 அங்குல நீளத்தில் எட்டுக் கீற்றுகள் வெட்டி வளையத்தின் உட்புறம் சம இடைவெளியில் ஒட்டி, நுனிகளை மேலே ஒன்றுகூட்டி நூலால் கட்டுங்கள். கிரீடத்தின் எலும்புக்கூடு அமைந்துவிட்டது. இதற்குமேல் உயரம் வேண்டாம். உயரம் கூடினால் குழந்தையின் கழுத்து நோகும்.

பசைக்கு ஒரு பங்கு மைதா மாவை ஐந்து பங்கு நீரில் கட்டியின்றிக் கரைத்து, கண்ணாடிபோல் மின்னும்வரை கிளறிக் காய்ச்சுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கச் சிலர் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தை அணியும் பொருளில் அறவே கூடாது. பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கீற்றுகளின்மேல் மூன்று அடுக்கு ஒட்டி, ஓர் இரவு நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் வைத்தால் கோணிவிடும். உலர்ந்தபின் பொன்னிற ஜிகினாத் தாளைப் போர்த்துங்கள். பருத்த நூலைப் பசையில் தோய்த்துக் கொடிபோல் வளைத்து ஒட்டினால் புடைப்பு வேலைப்பாடு கிடைக்கும். புளியங்கொட்டைக்குச் சிவப்பும் பச்சையும் பூசிப் பதித்தால் மாணிக்கமும் மரகதமும் ஆயிற்று. உட்புறம் பழைய வேட்டித் துணியை ஒட்டி, பின்புறம் இரண்டு நாடா வைத்துவிடுங்கள்.

முருகன் வேடமா? ஒன்றைவிட ஒன்று சிறிய மூன்று வளையங்களை அடுக்குங்கள்; கரண்ட மகுடம் தயார். சிவன் வேடமா? சணலைத் திரித்துச் சுருட்டி, அட்டைப் பிறையைச் செருகுங்கள். கண்ணனா? நெற்றிப் பட்டையும் ஒரு மயிற்பீலியும் போதும். ஒன்று மட்டும் மறவாதீர்கள்: இது தாளால் ஆன முடி. ஆரத்தி எடுக்கும்போதும் குத்துவிளக்கின் அருகிலும் குழந்தையைத் தள்ளி நிற்கச் செய்யுங்கள்.

இனி, முடிவாக ஒன்று. கும்பகோணம் இராமசுவாமி திருக்கோயிலில் மூலவரே பட்டாபிடேகக் கோலத்தில் சீதாபிராட்டியோடும் தம்பியரோடும் காட்சி தருகிறார். அந்தத் திருக்கோலத்தைச் சொல்லில் வடித்த கம்பர், திருமுடி சூட்டு படலத்தில் ஓர் அருமை செய்திருக்கிறார். அனுமன் அரியணையைத் தாங்குகிறான். அங்கதன் உடைவாளை ஏந்துகிறான். பரதன் வெண்குடை பிடிக்கிறான். வசிட்டர் முடியைப் புனைகிறார். அத்துடன் நிறுத்தினாரா? இல்லை. அந்த முடியை எடுத்துக் கொடுத்தவர்கள் திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலின் முன்னோர்கள் என்றும் பாடினார். தமக்குச் சோறிட்ட குடியை, உலகமே இராமனைப் பார்த்திருக்கும் வேளையில் கம்பர் மறக்கவில்லை. முடி சூடியவரை எல்லாரும் பார்ப்பார்கள். எடுத்துக் கொடுத்த கையைப் பார்ப்பவரே புலவர்.

அன்று நான் பார்க்கத் தவறியது பை ஒட்டிப் பசை காய்ந்த அந்தத் தாயின் கையை. அதன்பின் நான் ஓய்வு பெறும்வரை எந்த நாடகத்துக்கும் வாடகைக் கிரீடம் வந்ததில்லை. பிள்ளைகளே செய்தார்கள், செய்யும்போதே, இது யார் முடி, ஏன் அவருக்கு உரியது, யார் அதைத் துறந்தார் என்று கதையும் கேட்டுக்கொண்டார்கள்.

ஆகவே, வாயிலில் என்னிடம் கேட்ட தாயே! வேடத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டில் ஒரு புடவைப் பெட்டி இருக்கும். ஒரு கைப்பிடி மாவு இருக்கும். இன்றிரவே மகனை அருகில் அமர்த்திக்கொண்டு தொடங்குங்கள். உங்கள் கை எடுத்துக் கொடுக்கும் முடியை அந்தச் சக்கரவர்த்தித் திருமகன் உவந்து ஏற்பான்.

அனைவருக்கும் இராமபிரான் திருவருள் கிட்டுவதாக!