மொரீஷியஸிலிருந்து ரீயூனியனுக்குப் பாய்மரப் படகில்



"பத்து நிமிஷம் ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர் அண்ணன். கான்கிரீட் பற்றிப் பேசினால் பின்வரிசை தூங்கிவிடும். நானே அந்த வரிசையில் தூங்கியவன்தான். அதனால் கடலைப் பற்றிச் சொல்கிறேன்.

வேலை நிமித்தம் மூன்று வருடம் மொரீஷியஸில் இருந்தேன். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. என்னோடு வேலை பார்த்த உள்ளூர் அண்ணன் ஒருவரிடம் 38 அடிப் பாய்மரப் படகு இருந்தது. 2022 ஆகஸ்டில் அவரும் அண்ணியும் ரீயூனியன் தீவுக்குக் கிளம்பியபோது என்னையும் அழைத்தார்கள். அதுவரை நான் இறங்கிய தண்ணீர் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும்தான்.

அந்த மாதங்களில் தென்கிழக்கு வியாபாரக் காற்று விடாமல் அடிக்கும். போர்ட் லூயியிலிருந்து ரீயூனியன் மேற்கு-தென்மேற்கே 200 கிலோமீட்டருக்கு மேல். போகும்போது காற்று முதுகுப்பக்கம், ஒரு நாளில் போய்ச் சேரலாம். திரும்பும்போது அதே காற்று முகத்தில். பாய்ப்படகு காற்றை நேருக்கு நேர் எதிர்த்துப் போகாது. இடமும் வலமுமாக மாறி மாறித்தான் ஏறவேண்டும். எங்களுக்கு இரண்டு ராத்திரி பிடித்தது. என் வயிற்றின் நிலைமையைச் சபையில் சொல்ல முடியாது.

ஒரு தப்பை மட்டும் சொல்லியாக வேண்டும். போகிற ராத்திரி, இரண்டிலிருந்து நாலு மணிவரை சுக்கான் என் பொறுப்பு. அரை நிமிஷம் கண் அசந்துவிட்டேன். படகு திரும்பிவிட்டது, காற்று பாயின் மறுபக்கம் புகுந்தது. பாயின் அடியைப் பிடித்திருக்கும் நீண்ட உலோகக் கழி ஒரே வீச்சில் இந்தப்பக்கம் வந்தது. டீ எடுத்துக்கொண்டு படியேறி வந்த அண்ணி சட்டென்று குனிந்தார், பிழைத்தார். அண்ணன் திட்டவில்லை. பத்து நிமிஷம் சுக்கானைத் தான் பிடித்துவிட்டு, மறுபடி என்னிடமே கொடுத்தார். "தூக்கம் வந்தா எழுப்பு" என்றார், அவ்வளவுதான். நைட் ஷிப்ட் பார்க்கும் தம்பிகளுக்கு அந்தப் பத்து நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

விடிந்தபோது எதிரே மேகம் போல ஒன்று. மேகமில்லை, மலை. நமக்கு உயரம் என்றால் பெரிய கோயில் விமானம், 216 அடி. பித்தோன் தெ நேஜ் சிகரம் கடலிலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அது அடங்கிய எரிமலை. தெற்கே இருக்கும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் அடங்காதது. உயரம் 2,632 மீட்டர், நம் தொட்டபெட்டாவை விட ஐந்தே மீட்டர் குறைவு. 1977-இல் அதன் குழம்பு ஓர் ஊருக்குள் இறங்கி, மாதா கோயில் வாசலில் வந்து நின்றது. நாங்கள் போனபோது சும்மா இருந்தது, அடுத்த மாதமே கக்கியது. 6.6 கோடி வருடங்களுக்கு முன் தக்காணத்துக் கரும்பாறையைக் கொட்டிய நெருப்பும் இதுதான் என்கிறார்கள் புவியியலார். இந்தியா வடக்கே நகர்ந்துவிட்டது, நெருப்பு அங்கேயே இருக்கிறது.

ரீயூனியனில் 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பாண்டிச்சேரியிலும் நம் காரைக்காலிலும் ஏழைகளைக் கப்பலேற்றினார்கள். 1882-இல் ஆங்கிலேய அரசு அதை நிறுத்தியது. ஒப்பந்தம் முடிந்தும் திரும்பாதவர்கள் ஏராளம். அவர்களின் வாரிசுகளை அங்கே 'மலபார்' என்கிறார்கள். தீ மிதிக்கிறார்கள், ஆனால் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது.

செயிந்த் போல் ஊரில் ஒரு தமிழ்க் கோயிலில், நான் தஞ்சாவூர்ப் பக்கம் என்றதும், ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய் ஒரு தாளை எடுத்து வந்தார். அவர் பாட்டனாரின் தாத்தாவைப் பதிந்த ஏட்டின் நகல். பெயர், வயது, கப்பலேறிய துறை காரைக்கால், அப்புறம் பிறந்த ஊர். பிரெஞ்சு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஏழு எழுத்து. "இது எந்த ஊர், சொல்லுங்க" என்று கிரியோலில் கேட்டார். நான் நாலைந்து விதமாகப் படித்துப் பார்த்தேன். எல்லா ஊர் போலவும் இருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஏழு எழுத்தை என் நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். காரைக்கால், திருநள்ளாறு, நன்னிலம், மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர்கள் சாப்பாட்டுக்குப் போகும் முன் என்னிடம் வந்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.